பதிவு கிடக்கும் இடம்: தலவிலவிலும் கற்பிட்டிக் கரையிலும் ஆவணம் தேடுதல்

ஒருபுறம் புத்தளம் களப்பும் மறுபுறம் திறந்த கடலுமாக வடக்கு நோக்கி நீளும் கற்பிட்டிக் குடாநாட்டில் அமைந்த தலவில, புனித அன்னம்மாள் திருத்தலத்தால் நாடெங்கும் அறியப்பட்ட ஊராக இருந்தபோதிலும், ஆட்சி அமைப்பைப் பொறுத்தவரை தனக்கென ஒரு நகர சபையோ தனிப் பதிவகமோ இல்லாத கரையோரக் கிராமமே ஆகும். கிராம உத்தியோகத்தரின் அலுவலகத்தையும் ஆலயத்தின் பங்குப் பதிவேடுகளையும் தவிர்த்தால், இவ்வூராரின் வாழ்வைப் பற்றி எழுதப்பட்டவை கற்பிட்டி, புத்தளம், சிலாபம், கொழும்பு என நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. எந்த ஆவணம் எந்த இடத்தில் இருக்கும் என்பதை முன்கூட்டியே அறியாமல் பேருந்து ஏறுபவர், ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு ஒரு நாள் உழைப்பை இழப்பதே வழக்கமாக இருக்கிறது. கடலுக்குப் போனால்தான் அன்றைய வருமானம் என்றிருக்கும் குடும்பத்துக்கு அது சிறிய இழப்பன்று.

தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, பிரதேச செயலகம், பிரதேச சபை என்னும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடாகும். கற்பிட்டிப் பிரதேச செயலகம் மத்திய அரசாங்கத்தின் கிளை. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், முன்னர் கச்சேரியில் அரசாங்க அதிபரிடம் குவிந்திருந்த பல அதிகாரங்கள் பிரதேச செயலாளருக்கு வந்து சேர்ந்தன. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதிகள், அரச காணி அனுமதிப்பத்திரங்கள், கிராம உத்தியோகத்தர்களின் மேற்பார்வை ஆகியன அதனிடம் உள்ளன. கற்பிட்டிப் பிரதேச சபையோ 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் உள்ளூராட்சி மன்றம். சோலைவரி, கட்டட அனுமதி, வியாபார உரிமம், உள்ளூர் வீதிகள், சந்தை, குப்பை அகற்றல் ஆகியவற்றின் பதிவுகள் அங்கே இருக்கும். பெயர்கள் ஒத்திருப்பதால் ஒன்றுக்குச் செல்ல வேண்டியவர் மற்றொன்றின் வரிசையில் நிற்பது அடிக்கடி நிகழ்கிறது.

பிறப்பும் இறப்பும் விவாகமும்

இலங்கையில் பிறப்பு, இறப்புகளைக் குடியியல் சட்டத்தின் கீழ்ப் பதிவுசெய்வது 1867ஆம் ஆண்டில் தொடங்கி, 1897ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டமாகும். இச்சட்டத்தைப் பயன்படுத்துபவர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே: நிகழ்வு எங்கே நடந்ததோ அந்தப் பதிவுப் பிரிவில்தான் அது எழுதப்பட்டிருக்கும், குடும்பம் எங்கே வாழ்ந்தது என்பது பொருட்டன்று. பதிவுப் பிரிவு என்பது ஒரு பதிவாளரின் பொறுப்பில் விடப்பட்ட எல்லை. ஆகவே தலவிலவில் பிறந்து வளர்ந்ததாகத் தம்மைக் கருதும் ஒருவரின் தாய் பிரசவத்துக்காகப் புத்தளம் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தால், அவருடைய பிறப்பு புத்தளத்தின் பதிவேட்டில் இருக்கும். தாய் தம் பிறந்தகமான சிலாபத்துக்கோ நீர்கொழும்புக்கோ சென்றிருந்தால், பதிவும் அவ்விடத்துக்கே சென்றிருக்கும். வயதில் மூத்த உறவினரிடம் கேட்க வேண்டிய கேள்வி "எந்த ஊர்?" என்பதன்று, "பிள்ளை பிறந்தது வீட்டிலா ஆசுபத்திரியிலா, எந்த ஆசுபத்திரி?" என்பதே ஆகும்.

பிரதி பெறுவதற்கான விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் ஒப்படைக்கலாம். பழைய பிரதி ஒன்றிலிருந்து பதிவு இலக்கமும் பதிவுத் திகதியும் தெரிந்திருந்தால் வேலை விரைவில் முடியும். தெரியாவிட்டால் பதிவேடுகளைத் தேடச் செய்ய வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமும் கூடுதல் காலமும் தேவைப்படும். பிறந்த திகதியும் பதிவுத் திகதியும் ஒன்றல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிறப்பை 42 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் கூறினாலும், ஒரு வருடத்தின் இறுதியில் பிறந்த குழந்தையின் பதிவு அடுத்த வருடத்துப் புத்தகத்தில் இருக்கக்கூடும். மூன்று மாதங்களுக்குப் பின்னர் செய்யப்பட்ட காலங்கடந்த பதிவாயின், பல வருடங்கள் தள்ளியும் இருக்கக்கூடும். பிறந்த வருடத்தில் மட்டும் தேடிவிட்டுப் பதிவே இல்லை என்று முடிவுசெய்வது தவறாகும். தேடியும் கிடைக்காதபோது, பதிவு காணப்படவில்லை என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வது இன்றியமையாதது. பின்னர் காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்கும்போது அந்தத் தாளே அடிப்படை ஆவணமாகும்.

விவாகப் பதிவில் இன்னொரு பிரிவினை உண்டு. பொது விவாகங்கள் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழும், முஸ்லிம் விவாகங்கள் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் வெவ்வேறு பதிவேடுகளில் எழுதப்படுகின்றன. கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இந்துக்களும் பௌத்தரும் அடுத்தடுத்து வாழும் கற்பிட்டிக் கரையில், விவாகம் எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது என்பதை விண்ணப்பத்தில் தெளிவாகக் குறிப்பிடாவிட்டால், தவறான புத்தகத்தில் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

பங்குப் பதிவேடு சொல்லும் கூடுதல் செய்தி

கத்தோலிக்கக் குடும்பங்களின் வரலாற்றைத் தேடுபவருக்கு, குடியியல் பதிவேட்டைவிடப் பங்குப் பதிவேடு சில வேளைகளில் அதிகம் பயன்படுகிறது. ஒவ்வொரு பங்கும் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் ஏற்பாடு. அதே சட்டம் திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில், அந்த நபர் பின்னர் பெற்ற உறுதிபூசுதலும் அவருடைய திருமணமும் குறிக்கப்பட வேண்டும் என்றும் விதிக்கிறது. அதாவது 1930ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்ட ஒரு குழந்தையின் பதிவுக்குப் பக்கத்தில், இருபது, முப்பது வருடங்கள் கழித்து வேறொரு குருவானவரின் கையெழுத்தில், அவர் எந்த ஊரில், எந்த ஆலயத்தில் மணம் முடித்தார் என்ற வரி இருக்கக்கூடும். குடும்பம் எங்கே இடம்பெயர்ந்தது என்பதை அறிவதற்கு அந்த ஓரக்குறிப்பு ஒன்றே போதுமானதாக அமையும். ஆகையால் பங்கு அலுவலகத்தில் சான்றிதழ் கேட்கும்போது, ஓரக்குறிப்புகளையும் சேர்த்து எழுதித் தருமாறு பணிவுடன் கோருவது நல்லது. கேட்காவிட்டால் பெயரும் திகதியும் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் மட்டுமே தாளில் வருவதற்கு இடமுண்டு.

தலவில விடயத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். இது யாத்திரைத் தலம். மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் திருவிழாவுக்குத் தொலைதூரத்திலிருந்து வரும் குடும்பங்கள் நேர்த்தியை நிறைவேற்றும்போது பிள்ளைக்கு இங்கேயே திருமுழுக்கு அளிக்க விரும்புவதும் உண்டு. எனவே தலவில ஆலயத்தில் ஒருவரின் பெயர் காணப்படுவது அவர் குடும்பம் இவ்வூரில் குடியிருந்ததற்கான சான்றாகாது. அதுபோலவே, ஊரார் ஒருவரின் பெயர் இங்கே இல்லாமல் குடாநாட்டின் வேறொரு பங்கில் இருப்பதும் வியப்பன்று. பங்கின் எல்லைகளும் காலத்துக்குக் காலம் மாறியவை. தலவில அடங்கிய சிலாபம் மறைமாவட்டம் 1939ஆம் ஆண்டில்தான் நிறுவப்பட்டது என்பதால், அதற்கு முற்பட்ட ஆயர் இல்லக் கடிதங்களையும் அறிக்கைகளையும் தேடுபவர் சிலாபத்தோடு நின்றுவிடக் கூடாது.

பங்குப் பதிவேடு அரச ஆவணம் அன்று. அதைப் பார்ப்பது உரிமையாகக் கோரக்கூடியதும் அன்று. சம்பந்தப்பட்டவரோ அவருடைய நெருங்கிய உறவினரோ காரணத்தைச் சொல்லிக் கேட்கும்போது பங்குத்தந்தையின் இணக்கத்தின் பேரில் கிடைப்பதாகும்.

பெயரும் மொழியும் இலக்கமும்

இக்கரையில் தேடல் தோல்வியடைவதற்குப் பெரிய காரணம் ஆவணம் அழிந்துபோவதன்று. பெயர் வேறுபட்டு எழுதப்பட்டிருப்பதே ஆகும். புத்தளம், சிலாபம் கரையோரத்தில் தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, சில தலைமுறைகளுக்குள் சிங்களத்துக்கு மாறின. பாட்டனாரின் பெயர் தமிழிலும், தந்தையின் பெயர் சிங்களத்திலும், பேரனின் பெயர் ஆங்கிலத்திலும் பதியப்பட்ட குடும்பங்கள் உள்ளன. பர்னாந்து, பெரேரா, குரூஸ் போன்ற பெயர்கள் ஊருக்கு ஊர் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் வரும். முஸ்லிம் பெயர்களில் முஹம்மது என்பதன் வடிவங்களே பல. தேடத் தொடங்குமுன் ஒரு தாளில் அப்பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும் மூன்று மொழிகளிலும் எழுதிக்கொண்டு செல்பவருக்கு எழுதுவினைஞரும் மனமுவந்து உதவுவார்.

தேசிய அடையாள அட்டையின் இலக்கம் இத்தேடலில் எதிர்பாராத உதவியைச் செய்யும். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் அவற்றுக்குப் பின் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடத்தையும், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டுகின்றன. பெண்களுக்கு நாளின் எண்ணிக்கையோடு 500 கூட்டப்படும். 85512 என்று தொடங்கும் இலக்கம், 1985ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் திகதி பிறந்த ஒரு பெண்ணுடையது. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் எனக் கொள்ளப்படுவதால், மார்ச் 1ஆம் திகதி எந்த வருடத்திலும் 61ஆவது நாளாகவே எழுதப்படும். 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கங்களில் முழுமையாக உள்ளது. பிறந்த நாளை அறியாத முதியவர் ஒருவர் அட்டை பெறும்போது எந்தத் திகதி ஒப்படைக்கப்பட்டது என்பதை இவ்வாறு கண்டறிந்து, அதைத் திருமுழுக்குப் பதிவோடு ஒப்பிட்டால், பிறப்புப் பதிவேட்டில் எந்த வருடங்களைத் தேட வேண்டும் என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

மொழியைப் பற்றிய உரிமை இங்கே அழுத்தமாகச் சொல்லப்பட வேண்டியதாகும். புத்தளம் மாவட்டம் வடமேல் மாகாணத்தைச் சேர்ந்தது. வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு வெளியே நிருவாக மொழி பொதுவாகச் சிங்களம். ஆயினும் 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை பெற்றுள்ள வடிவம், சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும், தாம் பார்வையிடச் சட்டப்படி உரித்துடைய பதிவேட்டின் பிரதியையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழில் பெறவும் உரிமை அளிக்கிறது. இந்த உரிமையை அறியாமல், விளங்காத படிவத்தில் பிறர் நிரப்பித் தந்ததன் கீழ்க் கையொப்பமிட்டுப் பிழையான பெயரோடு வாழும் மக்கள் இக்கரையில் இருக்கிறார்கள் என்பது வேதனைக்குரியது. பிரதி கையில் கிடைத்தவுடன், அலுவலகத்தை விட்டு வெளியேறுமுன், ஒவ்வோர் எழுத்தையும் வாசித்துப் பார்ப்பது ஒருபோதும் தவறவிடக்கூடாத பழக்கமாகும்.

குடியிருப்போர் பற்றிய தகவல்

ஊரில் யார் குடியிருக்கிறார் என்பதை அறிந்த அலுவலர் கிராம உத்தியோகத்தர் ஆவார். 1963ஆம் ஆண்டில் பழைய விதானை முறை ஒழிக்கப்பட்டு உருவான கிராம சேவகர் பதவியே இப்பெயரைப் பெற்றது. அவர் வழங்கும் வதிவிட, நற்சான்றிதழ்கள் பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு வங்கி முதல் வெளிநாட்டு வேலை வரை பல தேவைகளுக்கு ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. எனினும் இச்சான்றிதழ் ஒருவர் தமக்காகப் பெறுவது. அயலாரின் முகவரியையோ குடும்ப விபரத்தையோ கேட்டுப் பெறும் வழி அன்று.

வாக்காளர் இடாப்பு சற்று வேறுபட்டது. கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாகவும் வீடு வாரியாகவும் பெயர்கள் அமைந்த இவ்விடாப்பு, 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் திருத்தப்பட்டு, ஆட்சேபங்களுக்காகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. ஒரு குடும்பம் இன்ன வருடங்களில் இன்ன வீட்டில் பதிவாகியிருந்தது என்பதற்கு இதைவிட ஒழுங்கான சான்று கிடைப்பது அரிது; பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கும்போது பாடசாலைகள் பெற்றோரிடம் இடாப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளைக் கேட்பதும் இதனால்தான். புத்தளம் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் முந்தைய வருடங்களின் பிரதிகளுக்கு விண்ணப்பிக்கும்போது பிரிவின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் கொடுத்தால் தேடல் எளிதாகும்.

ஆனால் இடாப்பில் இல்லாத குடியிருப்பாளர்களும் உண்டு. பருவத்துக்குப் பருவம் சிலாபம், நீர்கொழும்புப் பகுதிகளிலிருந்து வந்து வாடி அமைத்துத் தொழில் செய்யும் மீனவர், பெரும்பாலும் தத்தம் சொந்த ஊர் இடாப்பிலேயே இருப்பர். அவர்களுடைய படகின் முன்பக்கத்தில் எழுதப்பட்டுள்ள பதிவு இலக்கத்தின் கடைசியில் வரும் ஆங்கில எழுத்துகள், அப்படகு எந்தக் கடற்றொழில் மாவட்டத்தில் பதியப்பட்டது என்பதைக் காட்டும். படகு உரிமை பற்றியோ இழப்பீடு பற்றியோ தகவல் வேண்டியவர் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின் கீழ் அந்த மாவட்ட அலுவலகத்தையே நாட வேண்டும்.

கனடாவிலோ ஐக்கிய அமெரிக்காவிலோ வாழ்ந்து பழகிய உறவினர், அங்குள்ள சில நகரங்களில் போல இங்கும் ஒருவரின் பெயரைத் தட்டினால் வீடும் வரியும் திரையில் தோன்றும் என எதிர்பார்ப்பதுண்டு. இலங்கையின் ஏற்பாடு அவ்வாறானதன்று. குடிசன மதிப்பீட்டில் சேகரிக்கப்படும் தனியாள் விபரங்கள் இரகசியமானவை, கிராமத்தின் மொத்தத் தொகைகள் மட்டுமே வெளியாகும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே திசையில் இயற்றப்பட்டது. பிறருடைய விபரத்தைக் காசு கொடுத்துப் பெற்றுத் தருவதாகக் கூறும் இடைத்தரகரை நம்புவது சட்டத்துக்கும் அறத்துக்கும் ஒவ்வாதது.

காணி

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் முதற்கொண்டு, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் உறுதியாக எழுதப்பட்டால்தான் செல்லும். அந்த உறுதிகள் 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின்படி புத்தளம் காணிப் பதிவகத்தில் பதியப்படுகின்றன. அங்கே ஒவ்வொரு காணித் துண்டுக்கும் தனிப் பக்கம் ஒதுக்கப்பட்டு, விற்பனை, நன்கொடை, ஈடு எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். தமிழ் வழக்கில் இதைப் பார்வையிடுவதைத் தோம்பு பார்த்தல் என்பர். பக்க இலக்கம் தெரிந்தால் தேடல் சில நிமிடங்களில் முடியும், ஆள் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது கடினம். பதிவாகியிருப்பது உரித்துக்கு முழு உத்தரவாதம் ஆகாது என்பதையும் கவனிக்க வேண்டும். அத்தகைய உத்தரவாதத்தை நோக்கமாகக் கொண்டது 'பிம் சவிய' என அறியப்படும் 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டமாகும். அரச காணியாயின் உறுதி இராது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரமோ அளிப்போ பிரதேச செயலகத்தின் பேரேட்டில் இருக்கும். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் அமைந்த காணிக்கு, 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் அனுமதி பற்றியும் விசாரிப்பது வாங்குபவரின் கடமை.

அலுவலகத்திடம் கேள்வி கேட்டல்

ஆட்களைப் பற்றிய ஆவணம் மூடியிருப்பது போல, அலுவலகங்களைப் பற்றிய ஆவணம் மூடியிருக்கக் கூடாது என்பதே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் உள்ளக்கிடக்கை. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டத்தின்படி, இலங்கைப் பிரசை எவரும் காரணம் கூறாமலே எந்தப் பகிரங்க அதிகாரசபையின் தகவல் உத்தியோகத்தரிடமும் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால் உத்தியோகத்தரே அதை எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கும், அதன் பின்னர் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

விண்ணப்பத்தின் வெற்றி வாசகத்தில் தங்கியுள்ளது. "எமது வீதி ஏன் திருத்தப்படவில்லை?" என்பது முறைப்பாடு, அதற்கு விளக்கம் வரலாம், ஆவணம் வராது. "இன்ன வீதிக்கு 2023, 2024ஆம் ஆண்டுகளில் ஒதுக்கப்பட்ட தொகை, ஒப்பந்தப் பத்திரத்தின் பிரதி, வேலை முடிவடைந்ததாக அத்தாட்சிப்படுத்திய அறிக்கையின் பிரதி, இது பற்றிய சபைக் கூட்ட அறிக்கையின் பிரதி" என்று கேட்பது தகவல் கோரிக்கை. பெறப்பட்டமைக்கான பற்றுச்சீட்டைத் திகதியோடு பெற்றுக்கொள்ளாவிட்டால், நாட்களைக் கணக்கிட்டு மேன்முறையீடு செய்ய வழியில்லாமற் போகும். ஒருவரின் அந்தரங்கத்தை நியாயமின்றிப் பாதிக்கும் தகவலை மறுக்க 5ஆம் பிரிவு இடமளிக்கிறது. பொதுப் பணத்தின் செலவு அந்த வகையில் அடங்காது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் போன்ற பெருந்திட்டங்கள் அமைந்த இக்குடாநாட்டில் சூழல் ஆவணங்களைத் தேடுவோர், வடமேல் மாகாணத்துக்கென 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க நியதிச்சட்டமும் அதன்கீழ் மாகாணச் சுற்றாடல் அதிகாரசபையும் இருப்பதை அறிந்து, கொழும்புக்கு எழுதுவதோடு அங்கும் எழுத வேண்டும்.

இடம்பெயர்ந்தோரின் பதிவுகள்

1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களுள் பலர், மன்னாரிலிருந்து படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கி இம்மாவட்டத்திலேயே தங்கினர். அவர்களுடைய பிறப்பும் விவாகமும் காணியும் மன்னாரிலோ முல்லைத்தீவிலோ யாழ்ப்பாணத்திலோ பதிவாகியவை. பிள்ளைகளின் பதிவுகள் புத்தளத்தில் உள்ளன. வாக்குரிமையோ இரண்டுக்கும் நடுவே நெடுங்காலம் ஊசலாடி, 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சிறப்பு ஏற்பாட்டுச் சட்டத்தால் முன்னைய வதிவிடத்தில் பதிவுசெய்யும் வாய்ப்பை ஒரு காலத்துக்குப் பெற்றது. ஆகவே இக்குடும்பங்களுக்கான தேடல் எப்போதும் இரண்டு மாவட்டங்களில் நடக்க வேண்டியதாகும். வடக்கில் ஒரு பதிவேடு போரில் அழிந்திருந்தாலும் தேடலை அங்கேயே கைவிடத் தேவையில்லை; பதிவின் இரட்டைப் பிரதி பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய ஆவணக் களஞ்சியத்துக்கு அனுப்பப்படுவது வழக்கமாதலால், அங்கே எழுத்துமூலம் விசாரிக்கலாம். போரில் காணாமற்போனவருக்கு மரண அத்தாட்சி பெற 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம் வழிசெய்தது. அவர் இறந்துவிட்டார் என்று ஒப்ப மனம் இடந்தராத குடும்பம், 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தின்படி காணப்படாமைச் சான்றிதழைப் பெற்று, இறப்பைப் பதியாமலே வங்கி, காணி, பாதுகாவலர் விடயங்களைத் தொடர முடியும். இவ்விரண்டுள் எதைத் தெரிவுசெய்வது என்பது குடும்பத்தின் உரிமை. ஒன்றை விடுத்து மற்றொன்றைப் பெறுமாறு எந்த அலுவலரும் வற்புறுத்த முடியாது. எதை நாடினாலும், காணாமற்போனவரின் பழைய வாக்காளர் இடாப்புப் பதிவு, அடையாள அட்டை இலக்கம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி ஆகியவற்றை விண்ணப்பத்துக்கு முன்பே திரட்டி வைத்துக்கொள்வது விசாரணைக் காலத்தைக் குறைக்கும்.